காருக்குப் பெரிய 'டர்போ' மாட்டப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க!

காசு போகும், கியாரண்டி போகும், ஆர்.சி.க்கும் ஆபத்து: ஓர் அலசல்

நாகர்கோவில்:

குமரி மாவட்டத்து வாலிபர்கள் கூடி கார் பேச ஆரம்பித்தால், 'டர்போ' என்ற வார்த்தை வராமல் பேச்சு முடிவதில்லை. வடசேரியானாலும் சரி, மார்த்தாண்டம் ஆனாலும் சரி, டீக்கடை பெஞ்சில் இதுதான் பேச்சு.

"கம்பெனி டர்போவைக் கழத்திட்டுப் பெருசா ஒண்ணு மாட்டினா வண்டி பறக்கும் மக்கா!" என்கிறான் ஒருவன்.

"பறந்து எங்கடே போகப் போற? செட்டிகுளம் நெரிசல்லதான் நிக்கணும்" என்கிறான் இன்னொருவன்.

இரண்டு பேர் பேச்சிலும் விஷயம் இருக்கிறது. ஆனால் லட்சக்கணக்கில் பணம் போடுகிற காரியம். பெரும்பாலும் அப்பா கட்டுகிற கடன் தவணை. ஆகவே பெஞ்சு பேச்சை நம்பி இறங்காமல், கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

அஜித் காரில் டர்போ இல்லை!

இந்த மோகத்துக்கு எண்ணெய் ஊற்றியது துபாய் ரேஸ். 2025 ஜனவரியில் துபாயில் நடந்த 24 மணி நேர கார் ரேசில், நடிகர் அஜித்குமாரின் அணி போர்ஷே 992 பிரிவில் 3-வது இடம் பிடித்தது தெரிந்ததே.

ரசிகர்கள் பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. அந்த ரேசில் ஓடிய போர்ஷே ஜி.டி.3 கப் காரில் டர்போவே கிடையாது! 4 லிட்டர், 6 சிலிண்டர் என்ஜின். தானாகவே காற்றை இழுத்து 510 குதிரைத்திறன் தருகிறது.

ஆக, வேகம் என்றாலே டர்போ என்று நினைப்பது தப்பு. என்ஜின், பிரேக், டயர், ஓட்டுகிறவன் கை எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தினால்தான் வேகம்.

முப்பந்தல் காற்றாடி மாதிரி

டர்போ என்றால் என்ன? ஆரல்வாய்மொழி கணவாய் வழியாகப் போகிறவர்களுக்கு எளிதாக விளங்கும்.

முப்பந்தலில் ஆடிக் காற்று அடித்து ராட்சத இறக்கைகள் சுற்றுகின்றன அல்லவா? அதே மாதிரி, என்ஜினில் இருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை உறிஞ்சி, அமுக்கி, என்ஜினுக்குள் தள்ளுகிறது. காற்று அதிகம் போனால் பெட்ரோலும் அதிகம் எரியலாம். சக்தி கூடும். அவ்வளவுதான் ரகசியம்.

முப்பந்தல் காற்றாடி ஆடி அசைந்து சுற்றும். டர்போ சக்கரமோ நிமிஷத்துக்கு 2 லட்சம் சுற்றையும் தொடும். பெட்ரோல் காரில் புகையின் சூடு 900 டிகிரிக்கு மேல் போகும். இந்தச் சூட்டிலும் வேகத்திலும் அந்தத் தண்டைக் காப்பாற்றுவது மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றுதான்.

இது புது சமாச்சாரமும் அல்ல. சுவிட்சர்லாந்து என்ஜினீயர் ஆல்பிரட் பூச்சி 1905-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கினார். பார்முலா ஒன் ரேசுக்கு 1977-ல் ரெனால்ட் கம்பெனி முதல் டர்போ காரைக் கொண்டுவந்தது. அடிக்கடி புகை கக்கி நின்றதால் அதற்கு 'மஞ்சள் டீ கெட்டில்' என்று பட்டப்பெயர் வைத்துக் கேலி செய்தார்கள். உலகப் பெரிய கம்பெனிக்கே அந்தப் பாடு!

எவ்வளவு பெரிது வேண்டும்?

பெரிய டர்போ மாட்ட வேண்டும் என்கிறவர்களிடம், "எவ்வளவு பெருசு?" என்று கேட்டால் பதில் வராது. கணக்கு இருக்கிறது.

ஒரு லிட்டர் என்ஜினை எடுத்துக்கொள்வோம். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை, ஒரு லிட்டர் காற்றை உள்ளே இழுக்கும். நிமிஷத்துக்கு 6,000 சுற்று என்றால் 3,000 லிட்டர். டர்போ அதை இரண்டு மடங்காக அமுக்கித் தந்தால் 6,000 லிட்டர். நடைமுறையில் ஒரு பங்கு கழித்துப் பார்த்தால் எடையில் சுமார் 6 கிலோ காற்று. நிமிஷத்துக்கு ஒரு கிலோ காற்றுக்கு ஏறக்குறைய 20 குதிரைத்திறன் என்பது மெக்கானிக்குகளின் கைக்கணக்கு. ஆக, 120 குதிரைத்திறன்.

இன்று ஷோரூமில் விற்கிற ஒரு லிட்டர், 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் கார்கள் பலவும் இந்த அளவில்தான் வருகின்றன. முன்பு நம் ரோடுகளில் ராஜாவாக ஓடிய 1500 சி.சி. அம்பாசடர் பெட்ரோல் என்ஜினுக்கு 50 குதிரைத்திறன் அளவுதான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

"எனக்கு 120 போதாது, 180 வேணும்" என்றால், நிமிஷத்துக்கு 9 கிலோ காற்று வேண்டும். கம்பெனி மாட்டிய சின்ன டர்போவை விரட்டி அதைக் கறக்கப் பார்த்தால், அது அளவுக்கு மீறிச் சுற்றும். காற்று சூடாகும். கடைசியில் தண்டு முறியும். அந்த அளவுக்குப் பெரிய டர்போதான் வேண்டும் என்பது உண்மை.

அங்கேதான் வில்லங்கமும் ஆரம்பம்.

நம் ரோட்டுக்கு லாயக்கா?

பெரிய சக்கரத்தைச் சுற்ற நிறையப் புகை வேண்டும். கம்பெனி சின்ன டர்போ 1,500, 1,700 சுற்றிலேயே வேலையை ஆரம்பித்துவிடும். பெரியது 3,500, 4,000 சுற்று வரும் வரை தூங்கும். ஆக்சிலேட்டரை மிதிப்பீர்கள், வண்டி சும்மா இருக்கும். பிறகு திடீரென்று முதுகில் உதைத்த மாதிரி பாயும். இந்தத் தாமதத்துக்கு 'டர்போ லேக்' என்று பெயர்.

ரேஸ் மைதானத்தில் இது பரவாயில்லை. அங்கே என்ஜின் எப்போதும் உச்சச் சுற்றில் ஓடும். கோட்டாறு மார்க்கெட் தெருவில்? தக்கலை, சுவாமியார்மடம் வழியாக மார்த்தாண்டம் போகிற ரோட்டில்? முன்னால் பஸ், பின்னால் டெம்போ, குறுக்கே டூவீலர். அங்கே பெரிய டர்போ கண் விழிக்கும்போது பிரேக்தான் மிதிக்க வேண்டியிருக்கும்.

வேகம் எடுத்தால் நிற்கவும் வேண்டுமே! 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார், நல்ல காய்ந்த ரோட்டில், ஓட்டுகிறவர் சுதாரிக்கும் ஒரு வினாடியையும் சேர்த்து, நிற்க 37 மீட்டர் அளவு எடுக்கும். 100 கிலோமீட்டர் வேகத்தில் 84 மீட்டர் அளவு. மழை என்றால் இன்னும் அதிகம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்கிற மாவட்டம் நம்முடையது. ஈர ரோட்டில், வளைவில் திடீர்ப் பாய்ச்சல் வந்தால் ஸ்டீயரிங் கையில் நிற்குமா?

ஒன்று மாட்டினால் ஒன்பது மாற்றணும்

டர்போவை மட்டும் மாற்றிவிட்டு ஓட்ட முடியாது. அமுக்கிய காற்று சூடாகும். அதைக் குளிரவைக்கும் 'இன்டர்கூலர்' பெரிதாக வேண்டும். பெட்ரோல் அதிகம் போக இன்ஜெக்டரும் பம்பும் மாற வேண்டும். கம்ப்யூட்டரில் புதுக் கணக்கு எழுத வேண்டும். கிளட்ச் வழுக்கும், அதையும் மாற்ற வேண்டும். பிரேக்கை மாற்றாவிட்டால் தற்கொலைக்குச் சமம்.

இத்தனையும் மாற்றினாலும் என்ஜின் உள்ளே இருக்கும் பிஸ்டனும் கனெக்டிங் ராடும் பழையவைதான். 120 குதிரைக்குச் செய்த பிஸ்டன் 180 குதிரையை எத்தனை நாள் தாங்கும்? பெட்ரோலின் ஆக்டேன் போதாமல் என்ஜினுக்குள் 'டக் டக்' என்று தட்டல் வந்தால், பிஸ்டனில் ஓட்டை விழும். எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் தட்டலைக் கொஞ்சம் குறைக்கும். ஆனால் எத்தனாலில் சக்தி குறைவு. அதே வேலைக்கு அதிக அளவு பீய்ச்ச வேண்டும்.

"டர்போவைத் தொட வேண்டாம், கம்ப்யூட்டரை மட்டும் மாத்திக்கலாம்" என்று ஒரு சுருக்குவழி சொல்கிறார்கள். பொதுவாகக் கால் பங்கு சக்தி கூடும் என்பது நிஜம். ஆனால் கம்பெனி கியாரண்டி காலி. புகைக் கட்டுப்பாட்டுக்குச் செய்த கணக்கும் கெடும்.

பழைய மார்க்கெட்டில் வெளிநாட்டு டர்போ மலிவாகக் கிடைக்கிறது என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தண்டைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் லேசான அசைவு இருக்கலாம். ஆனால் சக்கரம் கூட்டில் உரசினாலோ, எண்ணெய்க் கசிவு இருந்தாலோ தொடாதீர்கள். உடைந்த இறக்கைத் துண்டு என்ஜினுக்குள் போனால் மொத்த என்ஜினும் குப்பை.

சட்டம் என்ன சொல்கிறது?

இதுதான் முக்கியம். கம்பெனி தயாரித்துக் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு. கேரளாவில் இருந்து சென்ற அப்பீல் வழக்கில், 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அங்கீகாரம் பெற்ற கியாஸ் கிட் போன்றவற்றுக்குத்தான், ஆர்.டி.ஓ. அனுமதியோடு வழி உண்டு.

2019 செப்டம்பரில் அமலுக்கு வந்த திருத்தப்படி, வண்டியை மாற்றும் சொந்தக்காரருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். "ஐயாயிரம்தானே, கட்டிட்டாப் போச்சு" என்பவர்கள் 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்ற வார்த்தையைக் கவனிக்க வேண்டும். டர்போ ஒன்று, சைலன்சர் ஒன்று என்று எண்ணிக்கொண்டே போகலாம். ஆர்.சி.யையும் சஸ்பெண்ட் செய்ய ஆர்.டி.ஓ.வுக்கு அதிகாரம் உண்டு.

களியக்காவிளை தாண்டினால் கெடுபிடி இன்னும் அதிகம். 2021 ஆகஸ்டில் கண்ணூரில், யூடியூபில் புகழ்பெற்ற சகோதரர்கள் இருவரின் வேனை, சட்டவிரோத மாற்றங்களுக்காக மோட்டார் வாகனத் துறை பிடித்துவைத்ததும், அதையொட்டிக் கேரளாவே இரண்டுபட்டு விவாதித்ததும் நினைவிருக்கலாம்.

இன்சூரன்சில் இன்னொரு குத்து. மாற்றத்தைக் கம்பெனிக்குச் சொல்லாமல் மறைத்து, விபத்து நடந்தால், வண்டிச் சேதத்துக்கான பணத்தை மறுக்க இடம் உண்டு. லட்சம் போட்டு மாட்டிய டர்போவால் வண்டிக்காசே போன கதையாகும்.

பொது ரோட்டில் பந்தயம் விட்டால் தனி வழக்கு. 3 மாதம் ஜெயில், அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 18 வயது ஆகாத பையன் ஓட்டிக் குற்றம் செய்தால் அப்பாவுக்கோ வண்டி சொந்தக்காரருக்கோ 3 வருஷம் வரை ஜெயிலும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. சாவியைக் கொடுக்கும் முன் பெற்றோர் யோசிக்கட்டும்.

அப்போ ஆசையை என்ன செய்வது?

ஆசைப்படுவது குற்றமல்ல. தமிழ்நாடு கார் ரேசுக்குப் பேர்போன பூமி. சோழவரம் விமான தளத்தில் ரேஸ் பார்க்க அந்தக் காலத்தில் கூட்டம் அலைமோதியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் மைதானம் வந்தது. கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன் 2005-ல் பார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர்.

பெரிய டர்போவுக்கு உரிய இடம் அதுதான். லைசென்ஸ் வாங்கி, ஹெல்மெட் போட்டு, இரும்புக் கூண்டு கட்டிய காரில் ஓட்ட வேண்டும். துபாயில் பயிற்சியின்போது அஜித்தின் கார் தடுப்பில் மோதி உருக்குலைந்தும் அவர் காயமின்றி இறங்கி வந்தார். அந்தக் கூண்டும் பெல்ட்டும் இருந்த கார் அது. நம் கார்களில் அது கிடையாது.

ஒரு குறையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நாகர்கோவில் பையன் ஒருவன் முறையாக ரேஸ் பழக வேண்டுமென்றால் கோவைக்கோ, 700 கிலோமீட்டர் தள்ளிச் சென்னைக்கோ ஓட வேண்டியிருக்கிறது. "ரோட்டில் ஓட்டாதே" என்று மட்டும் சொன்னால் போதுமா? தென் மாவட்டங்களுக்கு ஒரு சின்னப் பயிற்சித் தடமாவது அரசு யோசிக்க வேண்டும்.

அதுவரை என்ன செய்யலாம்? சக்தி வேண்டுமென்றால் கம்பெனியே டர்போ மாட்டி விற்கிற கார்களில் ஒன்றை வாங்குங்கள். இருக்கிற டர்போவைக் காப்பாற்றுங்கள். சொன்ன கிலோமீட்டரில், சொன்ன ரக எண்ணெய் மாற்றுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் விரட்டாதீர்கள். நெடுந்தூரம் விரட்டி வந்தால், அணைக்கும் முன் ஒரு நிமிஷம் சும்மா ஓடவிடுங்கள், தண்டு குளிரட்டும். மிச்சக் காசு இருந்தால் நல்ல டயரும் பிரேக் பேடும் போடுங்கள்.

பக்கத்து வண்டியை முந்துகிற சந்தோஷம் பத்து வினாடி. கடன் தவணை அறுபது மாதம். எது பெரிது என்று கணக்குப் போட்டுப் பார்த்து, பிறகு ஸ்பேனரைக் கையில் எடுங்கள்.