பவானிக் கரையில் லெமூரியா தேடுவோர்

இலக்கிய மேடைகளில் எத்தனை முறை புதைத்தாலும் லெமூரியா எழுந்து வந்துவிடுகிறது. 1864இல் விலங்கியலாளர் ஸ்க்லேட்டர், மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் காணப்பட்ட உயிரின ஒற்றுமையை விளக்குவதற்காக, மூழ்கிய கண்டமொன்றை ஊகித்தார். கண்டங்கள் நகர்பவை என்ற கருத்து அன்று ஏற்கப்பட்டிருக்கவில்லை. 1912இல் வெகனர் அதை முன்வைத்தார். 1960களில் கடற்தரை ஆய்வுகள் உறுதிசெய்தன. ஒட்டிக்கிடந்த இந்தியாவும் மடகாஸ்கரும் ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன என்றான பின், மூழ்கிய கண்டத்துக்கு வேலையில்லாமல் போயிற்று. அறிவியலார் கழற்றிப் போட்ட சட்டையை நாம் மட்டும் ஏன் பட்டாடையாகச் சுமக்க வேண்டும்?

இத்தனைக்கும் அசலான அதிசயம் காலடியிலேயே கிடக்கிறது. நீலகிரியில் பிறக்கும் பவானி, அட்டப்பாடிக்குள் இறங்கி, முக்காலியில் சட்டென்று வடகிழக்கே திரும்புகிறது. பிறகு அது ஓடும் வழியை நிலவியலாளர் மோயாறு–பவானி மண்டலம் என்பர். பூமியின் பல கிலோமீட்டர் ஆழத்தில் இரு நிலப்பகுதிகள் ஒன்றையொன்று நெரித்து நழுவியபோது, பாறைகள் மாவாய்ப் பிசையப்பட்டு இழுபட்ட பட்டை அது. கோண்டுவானா என்ற பெருங்கண்டம் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒன்றுசேர்ந்தபோது மூடிக்கொண்ட கடலின் தழும்பு இப்பகுதியில் இருக்கிறது என்போர் உண்டு. இல்லை, மோதல் இன்னும் பழையது, 250 கோடி ஆண்டு என வாதிடுவோரும் உண்டு. இந்தச் சச்சரவு ஒன்றே எத்தனை கவிதைக்குத் தாங்கும்! கூடுதுறையில் கண்ணுக்குத் தெரியாத மூன்றாம் நதியாக அமுதநதியை நம்பும் ஊரில், கண்ணுக்குத் தெரியும் பாறையைப் பார்க்க ஆளில்லை.

தமிழ்ப் பெருமையைக் குலைக்கிறோம் என்பார்கள். பஃறுளியாற்றின் நினைவைச் சிலப்பதிகாரத்திலிருந்து யாரும் பிடுங்கவில்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைக்கு ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது; குமரிக் கரை அப்போது அகன்றே கிடந்தது. பின்னர் அதைக் கடல் கொண்டதற்கு ஒரு கரை போதும், கண்டம் வேண்டியதில்லை. மனித இனத்தின் வயதே சில லட்சம் ஆண்டுகள்தான்; கோடிகளில் பிரிந்த கண்டத்தில் சங்கம் வைப்பது கணக்குத் தெரியாதவர் வேலை.

நம்மைச் சுமக்கும் தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 செ.மீ. வடகிழக்காக நகர்ந்து ஆசியாவை முட்டிக்கொண்டிருக்கிறது. அந்த நெருக்கம் தட்டின் உள்ளே வரை பரவுகிறது. பழைய முறிவுகள் எப்போதாவது நழுவும். 1900 பிப்ரவரி 8 அன்று கோவையை ஏறக்குறைய 6 ரிக்டர் அளவில் ஒரு நிலநடுக்கம் குலுக்கியது. மூழ்காத கண்டத்துக்கு ஆண்டுதோறும் ஒப்பாரி வைக்கும் நம் மேடைகளில், அந்த நாளைப் பற்றி ஒரு குரல்கூட நம் காதில் விழுந்ததில்லை.