காதுக்குள் எத்தனை ஸ்பீக்கர்?

"டேய், இதுல ஒரு காதுக்கு அஞ்சு டிரைவர்டா! ஒரு டைனமிக், நாலு பேலன்ஸ்டு ஆர்மேச்சர். ஹைபிரிட்!"

ஹாஸ்டல் வராந்தாவில் டப்பாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான் என் அறை நண்பன். கல்யாண வீடுகளுக்குப் போகும் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறவன். மேடையில் டிரம்ஸ் சத்தத்துக்கு நடுவே தன் கீபோர்டு தனக்கே கேட்காமல் திண்டாடி, நாலு கச்சேரிச் சம்பளத்தைச் சேர்த்து வைத்து வாங்கிய இன்-இயர் மானிட்டர் அது. அவன் சந்தோஷத்தைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் மூன்றாவது வாரமே அது டிராயருக்குள் போய்விட்டது. இடது காது மடல் சிவந்து ஒரே வலி. போதாக்குறைக்கு, "பேஸே வரலைடா, ஏமாந்துட்டேன்" என்ற புலம்பல். கடைக்காரரோ, காதில் வைத்த சாமானைத் திரும்ப வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார். (அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது.)

அஞ்சு டிரைவர் இருந்தும் பேஸ் இல்லையா? இந்தக் கேள்விதான் என்னை எழுத வைத்தது.

நண்பர்களே, என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹைபிரிட் இயர்போனை எடைபோட டிரைவர் எண்ணிக்கை ஒரு அளவுகோலே அல்ல. முதலில் அது காதில் ஒழுங்காக உட்காருகிறதா என்று பார்க்கணும். ஒலி எப்படி என்பது அதற்கு அப்புறம். நாம் எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

சிவில், மெக்கானிக்கல் நண்பர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். டைனமிக் டிரைவர் என்பது நம் வீட்டு ஸ்பீக்கரின் குட்டித் தம்பி. காயில், காந்தம், ஒரு மெல்லிய டயஃப்ரம், அவ்வளவுதான். காற்றை நன்றாகத் தள்ளும், அதனால் பேஸுக்கு ராசி. பேலன்ஸ்டு ஆர்மேச்சர் வேறு ஜாதி. இரண்டு காந்தங்களுக்கு நடுவே ஒரு சின்ன இரும்பு நாக்கு. சுற்றியுள்ள காயிலில் மின்சாரம் ஓடும்போது நாக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாயும். அதோடு இணைந்த ஊசி டயஃப்ரத்தை அசைக்கும். நடுவில் சமநிலையில் நிற்பதால்தான் அந்தப் பெயர். காது கேளாதோர் கருவிகளில் பல காலமாக உழைத்து வரும் ஆசாமி. 1991-ல் வந்த எட்டிமோட்டிக் ஈ.ஆர்.-4 என்ற புகழ்பெற்ற இயர்போனில் காதுக்கு ஒரே ஒரு ஆர்மேச்சர்தான் என்பதை, டப்பாவில் எண்ணிக்கை பார்க்கும் நண்பர்கள் கவனிக்கவும்.

இந்த இரண்டையும் ஒரே கூட்டுக்குள் வைத்து, பேஸை டைனமிக்கிடமும் மேல் ஸ்வரங்களை ஆர்மேச்சரிடமும் ஒப்படைப்பதுதான் ஹைபிரிட். பிரித்துக் கொடுக்கிற வேலை கிராஸ்ஓவருக்கு. மலிவு மாடல்களில் ஆர்மேச்சருக்கு முன்னால் ஒரு கெப்பாசிட்டர் மட்டுமே இருப்பதும் உண்டு. 30 ஓம் ஆர்மேச்சருக்கு 2.2 மைக்ரோஃபாரட் போட்டால், நம்ம பழைய ஃபார்முலாப்படி சுமார் 2,400 ஹெர்ட்ஸ். ஆர்மேச்சரின் இம்பிடன்ஸ் 30 ஓமிலேயே நிற்காது, ஃப்ரீக்வென்சியோடு ஏறும் என்பதால் நிஜத்தில் கணக்கு கொஞ்சம் நகரும்.

சிக்கலே இங்கேதான். சப்பரம் தூக்கும்போது நாலு பேர் நாலு விதமாகக் கால் வைத்தால் சாமி ஆடுமே, அந்த மாதிரி. ஆட்கள் கூடக்கூட ஒழுங்காக நடக்க வைப்பது கஷ்டம். நன்றாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 'அஞ்சு' என்ற எண் அதற்குச் சாட்சி ஆகாது. விலையும் ஆகாது. ஜெரோன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்ஃபோன்களை அளந்து 2017-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவற்றின் ஃப்ரீக்வென்சி ரெஸ்பான்ஸுக்கும் கடை விலைக்கும் சம்பந்தம் காணோம் என்பதுதான் முடிவு.

கிராஸ்ஓவர் நன்றாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள நான் வைத்திருக்கும் சோதனை மிருதங்கம். தொப்பியின் கும்கி கீழே டைனமிக்கில் வரும். வலந்தலையின் கணீர் ஒலியில் மேல் பாதி ஆர்மேச்சரில் வரும். ஒரு தனி ஆவர்த்தனம் போட்டுக் கண்ணை மூடிக் கேளுங்கள். ஒரே ஆள் ஒரே வாத்தியத்தை வாசிப்பதாகத் தோன்றினால் பாஸ். தொப்பி மட்டும் ஒரு கணம் பிந்தி, பக்கத்து ரூமில் இருந்து வருவது போலத் தோன்றினால், எத்தனை டிரைவர் இருந்தாலும் எனக்கு வேண்டாம். அடுத்து ஒரு பெண் குரல். 'ஸ', 'ச' எல்லாம் சீறுகிறதா பாருங்கள்.

அப்புறம் நாதஸ்வரம். இதற்குக் காரணம் நம் ஃபிசிக்ஸ் லேபிலேயே இருக்கிறது. ட்யூனிங் ஃபோர்க்கைத் தட்டி ரெசனன்ஸ் காலத்துக்கு மேல் பிடித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? காதுக் குழாயும் ஒரு முனை மூடிய குழாய்தான். நீளம் சுமார் 2.5 செ.மீ. கணக்குப் போட்டால் 3,400 ஹெர்ட்ஸ் வரும். நேரான குழாய் இல்லை என்பதால் நிஜக் காதில் 3,000 பக்கம். பிறந்ததிலிருந்து அந்த இடத்தைத் தூக்கலாகவே கேட்டுப் பழகியவர்கள் நாம். இயர்போனைச் செருகியதும் திறந்த முனை அடைபட்டு அந்த இயற்கை ரெசனன்ஸ் போய்விடுகிறது. போனதைத் தயாரிப்பாளர்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதிகமாகக் கொடுத்தால் நாதஸ்வரம் குத்தும். குறைத்தால் பாடகர் போர்வைக்குள்ளிருந்து பாடுவார்.

ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே அளவு சத்தத்தில் வையுங்கள். கூடுதல் சத்தத்தில் கேட்பதெல்லாம் நல்லதாகவே தோன்றும். கடைகளில் நாம் கோட்டை விடுவது பெரும்பாலும் இங்கேதான்.

ஒரே இயர்போன் ஒருவன் போனில் பளிச்சென்றும் இன்னொருவன் பழைய மிக்சரில் மந்தமாகவும் கேட்கும். பல ஹைபிரிட்களின் இம்பிடன்ஸ் எல்லா ஃப்ரீக்வென்சியிலும் ஒன்றாக இருப்பதில்லை. பேஸில் 16 ஓம், மேலே 8 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கருவியின் அவுட்புட் இம்பிடன்ஸ் 1 ஓம் என்றால் மேல் ஸ்வரம் அரை டெசிபல்தான் இறங்கும். அதுவே 10 ஓம் என்றால் கிட்டத்தட்ட 3 டெசிபல்! வோல்டேஜ் டிவைடர்தான், வேறு மாயமில்லை. எதில் வாசிக்கப் போகிறீர்களோ அதிலேயே செருகிக் கேளுங்கள்.

சரி, நண்பனின் பேஸ் எங்கே போனது?

வாஷர் தேய்ந்த சைக்கிள் பம்பை அடித்துப் பார்த்திருக்கிறீர்களா? கை வலிக்கும், டியூப் நிரம்பாது. காதுக்குள்ளும் அதே கதை. இயர்போன் முனைக்கும் செவிப்பறைக்கும் நடுவே இருக்கும் துளியூண்டு காற்றை அழுத்தித்தான் பேஸ் வருகிறது. ரப்பர் டிப் சரியாக அடைக்காவிட்டால் முதலில் ஓடிப்போவது பேஸ்தான். அவனுடைய இரண்டு காதும் ஒரே அளவில்லை. நம்மில் பலருக்கும் அப்படித்தான். டப்பாவில் மூன்று சைஸ் டிப் இருந்தும் பிரிக்காமலே வைத்திருந்தான். நடுத்தர சைஸ் வலது காதுக்குச் சரி. இடதுக்குப் பெரிசு, முழுசாக உள்ளே போகாமல் வாசலிலேயே நின்று வலியையும் கொடுத்து, காற்றையும் விட்டிருக்கிறது.

அஞ்சு டிரைவரை அடைக்கக் கூடும் பெரிதாகத்தான் இருக்கும். சின்னக் காதுக்காரர்களுக்கு அந்தக் கூட்டின் விளிம்பு மடலில் உரசும். ஐந்து நிமிடத்தில் தெரியாது, ஒரு மணி நேரத்தில் தெரியும். போட்டுக்கொண்டு பேசுங்கள், முறுக்கு கடியுங்கள், சிரியுங்கள். தாடை அசைந்தால் காதுக் குழாயின் வடிவமே மாறுகிறது, அப்போதும் அடைப்பு விடாமல் இருக்கணும். செருகும்போது 'கிறீச்' என்று டயஃப்ரம் மடங்கும் சத்தம் கேட்டால், காற்றுத் துவாரம் சரியில்லை என்று சந்தேகப்படலாம்.

இதை வெறும் சொகுசுப் பிரச்னை என்று நினைத்துவிடாதீர்கள். அடைப்பு சரியில்லாதவன் என்ன செய்வான்? வால்யூமைக் கூட்டுவான். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 89 டெசிபல் என்றால் வாரத்துக்கு 5 மணி நேரம்தான். நம்ம டவுன் பஸ்ஸில் காலையும் மாலையும் கேட்கிறவனுக்கு புதன்கிழமையே ஒதுக்கீடு தீர்ந்துவிடும். உள்காதில் செத்த செல் திரும்ப முளைப்பதில்லை. நன்றாக அடைக்கிற டிப் வெளிச்சத்தத்தைக் குறைக்கிறது, குறைந்த வால்யூமே போதும். (அதே காரணத்தால் ரயில்வே லைன் ஓரம் நடந்து வரும் நண்பர்கள் அதைக் கழற்றிப் பையில் போடுங்கப்பா!)

மாணவர் மன்றத்துக்கு ஒரு விண்ணப்பம். நம் எலக்ட்ரானிக்ஸ் லேபில் ஒரு டப்பா நிறைய பல சைஸ் சிலிக்கான், ஃபோம் டிப்புகளும், துடைக்க ஸ்பிரிட்டும் வைத்தால் என்ன? முடிந்தால் செயற்கைக் காது எனப்படும் கப்ளர் ஒன்றும் வாங்கலாம். நகல்கள் மலிவாகவே கிடைக்கின்றன. டப்பா வாசகத்தை நம்பாமல் நாமே அளந்து கிராஃப் போடலாம். செலவு ஒரு பட்டிமன்ற மைக் வாடகையை விடப் பெரிதாகத் தாண்டாது என்பது என் ஊகம்.

நண்பன் இப்போது இடதில் சின்ன டிப், வலதில் நடுத்தரம் போட்டு வாசிக்கிறான். பேஸ் வந்துவிட்டது. கூட்டின் விளிம்பு இன்னும் கொஞ்சம் உரசத்தான் செய்கிறது, முகூர்த்த நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியவில்லையாம். அடுத்த முறை ரெண்டு டிரைவர் மாடலாகப் பார்க்கலாமா என்று என்னிடமே கேட்கிறான்!