பரிசிலும் ஊதியமும்: தன்ராஜ் பிள்ளையை முன்வைத்துச் சில எண்ணங்கள்

இலக்கியம் பேசும் இடத்தில் ஹாக்கிக்கு என்ன வேலை என்று கேட்கும் நண்பர்களுக்கு முதலிலேயே ஒரு சொல். ஆமூர் மல்லனோடு பொருத சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியைச் சாத்தந்தையார் புறநானூற்றில் மூன்று பாட்டில் பாடினார். அடுத்த மூன்று பாட்டில் நக்கண்ணையார் அவன்மேல் கொண்ட காதலைச் சொன்னார். தந்தை தித்தனோடு பிணங்கிப் பிரிந்து நின்றவன் கிள்ளி. மகிழ்ந்தாலும் மகிழாவிட்டாலும் இந்த மற்போரை அந்தத் தந்தை வந்து பார்த்திருக்க வேண்டும் என்பதே சாத்தந்தையாரின் முதற்பாட்டின் ஏக்கம். ஆடுபவனின் உடல், அவன் வீட்டுப் பிணக்கு, வேடிக்கை பார்க்கும் ஊர், வீட்டுப் பனைமரத்தைப் பொருந்தி நின்று பார்க்கும் பெண் என எல்லாம் ஆறு பாட்டுக்குள் அடங்கிவிட்டன. அத்தனை நல்ல தொடக்கம் பெற்ற ஒரு மரபை நாம் பிறகு ஏனோ கைவிட்டோம். சி. சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' போல ஒன்றிரண்டைச் சொல்லி நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்த மரபு தொடர்ந்திருந்தால் தன்ராஜ் பிள்ளையின் வாழ்க்கை தமிழில் ஒரு பெரிய நூலாக வந்திருக்கும். சந்தீப் மிஸ்ரா எழுதிய வாழ்க்கை வரலாறு 2007இல் ஆங்கிலத்தில்தான் வந்தது. 'அம்மா, என்னை மன்னித்துவிடு' என்று பொருள்படும் அதன் தலைப்பில் இருந்த ஒரே தமிழ்ச் சொல் 'அம்மா'.

1968 ஜூலை 16ஆம் நாள், புனேக்கு அருகிலுள்ள கட்கியில், தமிழ் பேசும் எளிய குடும்பத்தில் பிறந்தவர். தந்தை நாகலிங்கம் ராணுவத் தளவாடத் தொழிற்சாலை மைதானத்தைப் பராமரித்தவர். தாய் ஆண்டாளம்மா. முழு மட்டை வாங்க வழியில்லாத வீடு அது. பிறர் உடைத்துப் போட்ட மட்டைகளையும் எறிந்துவிட்ட பந்துகளையும் வைத்து அண்ணன் தம்பிகள் சேற்று மண்ணில் ஆடிப் பழகினார்கள். அண்ணன் ரமேஷ் மும்பையில் ஓர் உரத் தொழிற்சாலை அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார், இந்தியாவுக்கும் ஆடியவர். அவரைத் தொடர்ந்து தம்பியும் மும்பை சென்றார். மகிந்திரா நிறுவன அணியில் இடம் கிடைத்தது. 1989இல் இந்திய அணியில் நுழைந்தார்.

அதன் பிறகு நடந்தவை எல்லோரும் அறிந்தவை. 1992 முதல் 2004 வரை நான்கு ஒலிம்பிக். நான்கு உலகக் கோப்பை, நான்கு ஆசிய விளையாட்டு, நான்கு சாம்பியன்ஸ் கோப்பை. 339 பன்னாட்டு ஆட்டங்கள். 1994 சிட்னி உலகக் கோப்பைக்குப் பின் தேர்ந்தெடுக்கப்பட்ட உலகப் பதினொருவர் அணியில் இந்தியாவிலிருந்து அவர் ஒருவரே இருந்தார். 2002இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் நடந்த சாம்பியன்ஸ் கோப்பையில் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் என்று அறிவிக்கப்பட்டபோது அவருக்கு வயது முப்பத்து நான்கு. ஓட்டத்தையே நம்பி ஆடும் ஒரு முன்வரிசைக்காரருக்கு அது முதுமை என்றே சொல்லலாம். ஒலிம்பிக் பதக்கம் மட்டும் கடைசிவரை வாய்க்கவில்லை. 2000 சிட்னியில் போலந்துக்கு எதிராக ஒரு கோல் முன்னிலையில் இருந்து, ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்கூட இல்லாதபோது சமன் செய்யவிட்டு, அரையிறுதி கை நழுவிய கதையை நம் தலைமுறையில் ஹாக்கி பார்த்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

நாம் இங்கே பேச விரும்புவது அந்தத் தோல்வியை அல்ல. ஒரு வெற்றிக்குப் பின் நடந்ததை.

1998 டிசம்பரில் பாங்காக் ஆசிய விளையாட்டின் இறுதியாட்டத்தில் தன்ராஜ் தலைமையிலான இந்தியா தென்கொரியாவைப் பெனால்டி ஸ்ட்ரோக்கில் வென்றது. ஆசிய விளையாட்டு ஹாக்கியில் 1966க்குப் பிறகு, முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து வந்த தங்கம். தங்கம் கொண்டுவந்த தலைவர் அடுத்த அணியில் இல்லை. அவரோடு மூத்த ஆட்டக்காரர்கள் ஆறு பேரும் இல்லை. ஓய்வு கொடுத்திருக்கிறோம் என்றது அன்று கே. பி. எஸ். கில் தலைமையில் இருந்த இந்திய ஹாக்கிச் சம்மேளனம். ஆட்டக்காரர்களுக்குச் சேரவேண்டிய பணம் போதவில்லை, உரிய நேரத்தில் வரவில்லை என்று தன்ராஜ் வெளிப்படையாகப் பேசியதற்கான தண்டனை அது என்றுதான் ஹாக்கி உலகம் புரிந்துகொண்டது. சினம் மிக்கவர், நாவடக்கம் இல்லாதவர் என்ற பெயர் அவருக்கு உண்டு. இருக்கட்டும். கேட்டது நியாயமா என்பதை விட்டுவிட்டு, கேட்டவனின் குரல் உயர்ந்திருந்ததா என்று பார்ப்பது நம்மிடம் உள்ள பழைய நோய்.

ஹாக்கி என்ற பெயரைச் சுமக்கும் இன்னொரு ஆட்டத்திலும் இதே கதை நடந்திருக்கிறது. வட அமெரிக்காவின் பனிக்கட்டி ஹாக்கி அது. நம் நாட்டில் பனி ஹாக்கி என்றால் லடாக். அங்கும் வலுவான அணிகள் ராணுவத்தினுடையவையும் எல்லைக் காவற்படையினுடையவையும்தான். கனடாவிலோ அது நூறாண்டுக்கு மேலாகச் சம்பளத் தொழில். டெட் லிண்ட்சே என்பவர் டெட்ராய்ட் அணிக்காக நான்கு முறை ஸ்டான்லி கோப்பை வென்றவர். அவர் தந்தையும் பனி ஹாக்கியில் கோல் காத்தவர். 1957இல் லிண்ட்சே மற்ற அணிகளின் ஆட்டக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு ஒரு சங்கம் தொடங்கினார். ஓய்வூதிய நிதியின் கணக்கைக் காட்டுங்கள், குறைந்தபட்ச ஊதியத்தை வரையறுங்கள் என்பவை அவர்களின் முதன்மையான கோரிக்கைகள். அந்தப் பருவத்தில்தான் அவர் தம் வாழ்நாளிலேயே மிகச் சிறப்பாக ஆடியிருந்தார். கோடையில் அவரை, தரவரிசையின் அடியில் கிடந்த சிகாகோ அணிக்குத் தள்ளிவிட்டார்கள். சங்கமும் சில மாதங்களில் கலைந்தது.

பாங்காக்குக்கும் டெட்ராய்ட்டுக்கும் இடையே நாற்பத்தோரு ஆண்டு. செய்தது ஒன்றே, செய்யப்பட்டதும் ஒன்றே. வேறுபாடு அதற்குப் பின் வருகிறது. லிண்ட்சேயின் சங்கம் கலைந்தாலும் சில சலுகைகளைக் கறந்துகொண்டே கலைந்தது. பத்தாண்டு கழித்து 1967இல் மீண்டும் எழுந்தது. இன்று அந்தச் சங்கம் ஆண்டின் தலைசிறந்த ஆட்டக்காரருக்கு வழங்கும் விருது 2010 முதல் லிண்ட்சேயின் பெயரைத் தாங்குகிறது. சங்கம் என்றதும் புனிதம் என்று எண்ணிவிட வேண்டாம். 1967இல் அதற்குத் தலைமை ஏற்ற ஆலன் ஈகிள்சன் பின்னாளில் மோசடிக் குற்றத்துக்காகச் சிறை சென்றார். அதுவும் 1998ஆம் ஆண்டில்தான். சங்கமும் முதலாளிகளும் முட்டிக்கொண்டு 2004–05 பருவம் முழுவதுமே ஆட்டமின்றிக் கழிந்ததும் உண்டு. ஆனாலும் அங்கே சண்டை எதைப் பற்றியது என்பதில் எவருக்கும் மயக்கம் இல்லை. உழைப்பு, அதற்குரிய கூலி. அவ்வளவே. நம்மிடமோ சண்டையின் பெயரே மாறிவிட்டது. தன்ராஜ் பணம் கேட்டபோது அது நாட்டுப்பற்றைப் பற்றிய வழக்காகிவிட்டது.

ஏன் இப்படி? நம் விடை சிலருக்குக் கசக்கலாம். ஆடுபவனுக்குப் பரிசில் கொடுக்க நமக்குத் தெரியும். ஊதியம் கொடுக்கத் தெரியாது. பரிசில் என்பது கொடுப்பவன் மனம் குளிர்ந்து கொடுப்பது. அளவு அவன் விருப்பம், காலம் அவன் விருப்பம். பெறுபவன் வாழ்த்திவிட்டுப் போகவேண்டும். ஊதியம் என்பது முன்னமே பேசி முடித்தது. குறைந்தால் கேட்கலாம், தாமதித்தால் வாசலில் நின்று கேட்கலாம். தம்மைப் பாராமலே அதியமான் கொடுத்தனுப்பிய பொருளைப் பெருஞ்சித்திரனார் மறுத்தார். தாம் வாணிகப் பரிசிலர் அல்லர் என்பது அவர் சொன்ன காரணம். புலவரின் பெருமிதத்தை வகுப்பறையில் நாம் ஆண்டுதோறும் வியந்து நடத்துகிறோம். ஆனால் அந்த மறுப்புக்குள் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. கலைக்கும் திறனுக்கும் விலை பேசுவது இழிவு, மதித்துத் தருவதே உயர்வு என்ற எண்ணம். புலவருக்கு அது மானமாக இருந்தது. புரவலர்களின் கையில் வந்தபோது அது மிக வசதியான ஆயுதமாகிவிட்டது.

பதக்கம் வந்தபின் நாம் காட்டும் தாராளத்தைப் பாருங்கள். 2021இல் டோக்கியோவில் நாற்பத்தோரு ஆண்டு கழித்து ஹாக்கியில் வெண்கலம் வந்ததும் பஞ்சாப் அரசு தன் மாநில ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு கோடி ரூபாய் அறிவித்தது. மகிழ்ச்சிதான். வீரர்கள் உழைப்புக்கு அது மிகையும் இல்லை. ஆனால் அது பரிசில். நான்காம் இடம் பெற்றவனும் அதே நான்கு ஆண்டுகள் அதே வெயிலில்தான் ஓடியிருப்பான்.

இந்த இடத்தில் எங்கள் ஊரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கூத்தாநல்லூரைச் 'சின்னச் சிங்கப்பூர்' என்பார்கள். சுற்றிலும் நெல் வயல். நடுவே கடல்கடந்த பணத்தில் எழுந்த வீடுகள். தலைமுறை தலைமுறையாக ஆண்கள் சிங்கப்பூருக்கும் மலேயாவுக்கும், பிறகு வளைகுடாவுக்கும் 'சபர்' போனவர்கள். சபராளி ஊர் திரும்பினால் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் உடல்நலம் கேட்ட கையோடு, "பேசுன சம்பளம் கைக்கு வந்துச்சா தம்பி?" என்றுதான் கேட்பார். அந்தக் கேள்வியில் எந்தக் கூச்சமும் இல்லை. வரவில்லை என்றால் ஆள் அனுப்பியவர் வீட்டு வாசலில் உறவெல்லாம் கூடிவிடும். சம்பளம் கேட்டதால் ஒருவனுக்கு ஊர்ப்பற்று இல்லை என்று இங்கே எவரும் சொல்லிக் கேட்டதில்லை.

தன்ராஜும் சபராளிதான். லண்டனில் இந்தியன் ஜிம்கானா, பிரான்சில் லியோன், ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட், மலேசியாவில் வங்கி அணியும் தொலைபேசி நிறுவன அணியும், டாக்காவில் அபாகனி. பருவத்துக்குப் பருவம் பெட்டி தூக்கிக்கொண்டு போய் ஆடி, கூலி பெற்று வந்தார். அங்கெல்லாம் அவர் ஒப்பந்தத்துக்கு ஆடும் தொழிலாளி. தாய்நாட்டுச் சட்டையை அணிந்ததும் அதே கால்கள், அதே மட்டை, அதே வியர்வை தியாகம் ஆகிவிட வேண்டும் என்பது என்ன கணக்கு?

நமக்கென்று ஒரு வழி இல்லாமல் இல்லை என்பார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. ரயில்வே, வங்கி, காவல்துறை, விமான நிறுவனம். தன்ராஜுக்கும் பின்னாளில் இந்தியன் ஏர்லைன்ஸ் வேலை இருந்தது. இதை நாம் ஏளனம் செய்ய மாட்டோம். முழங்கால் போனாலும் மாதச் சம்பளம் நிற்காது என்ற உறுதி பெரிது. அத்தகைய வேலைகள் இல்லையென்றால் ஏழை வீட்டுப் பிள்ளைகள் மட்டையைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். ஆனால் அது ஆட்டத்துக்கான ஊதியம் ஆகாது. ஆட்டத்தைக் காட்டிப் பெறும் வேறொரு வேலைக்கான ஊதியம். விளைவு என்னவென்று கல்லூரியில் நாம் கண்கூடாகப் பார்க்கிறோம். விளையாட்டு ஒதுக்கீட்டில் சேரும் மாணவனின் தந்தை, பையன் எவ்வளவு நன்றாக ஆடுகிறான் என்று கேட்பதில்லை. எந்தச் சான்றிதழுக்கு எந்த வேலை என்று கேட்கிறார். நடவுக்கூலியையும் அறுப்புக்கூலியையும் நாள் தவறாமல் கணக்குப் பார்த்து வாழ்ந்த மனிதர் அவர். ஆட்டத்தில் கூலி இல்லை என்பதைச் சரியாகவே கண்டுகொண்டிருக்கிறார். அவரிடம் போய் விளையாட்டு உணர்வைப் பற்றிச் சொற்பொழிவாற்ற நமக்கு நாக்கு எழுவதில்லை.

நிலைமை மாறவே இல்லையா என்றால், கொஞ்சம் மாறியிருக்கிறது. 2005இல் தொடங்கிய பிரீமியர் ஹாக்கி லீக் 2008 வரை ஓடியது. பழைய சம்மேளனமும் அதே 2008இல் இடைநீக்கம் செய்யப்பட்டது. 2013இல் ஹாக்கி இந்தியா லீக் ஏலத்தோடு வந்தது; 2017க்குப் பிறகு நின்றுபோனது; 2024 டிசம்பரில்தான் மீண்டும் தொடங்கியது. ஏழாண்டு இடைவெளி. படிப்பவர்களுக்கு அது ஓர் எண். பதினெட்டு வயதில் காத்திருக்கத் தொடங்கியவனுக்கு இருபத்தைந்து வயது; அவன் தொழிலின் சரிபாதி. 2024 ஏலத்தில் ஹர்மன்பிரீத் சிங் 78 லட்ச ரூபாய்க்கு எடுக்கப்பட்டார். தமிழ்நாட்டின் பெயரிலும் ஓர் அணி வந்திருக்கிறது. கொள்ளிடத்துக்கு வடக்கே அரியலூரிலிருந்து வந்த கார்த்தி செல்வமும், கோவில்பட்டியின் மாரீஸ்வரன் சக்திவேலும் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காகக் களம் இறங்கினார்கள். 2025இல் இளையோர் உலகக் கோப்பையே சென்னைக்கும் மதுரைக்கும் வந்தது. இவையெல்லாம் நல்ல செய்திகள். எனினும் அந்த லீக் அடுத்த ஆண்டும் நடக்கும், அதற்கடுத்த ஆண்டும் நடக்கும் என்று நம்பி ஒரு தந்தை தன் மகனை அனுப்பும் நாள் இன்னும் வரவில்லை. ஆடுபவர்களே பேசுவதற்கென்று, லிண்ட்சே தொடங்கியது போல, வலுவுள்ள ஓர் அமைப்பும் நம் ஹாக்கியில் எழவில்லை.

கூலி உள்ள இடத்தில் கணக்கு இருக்கும். பனி ஹாக்கியில் ஒருவர் எத்தனை கோல் அடித்தார், எத்தனைக்கு உதவினார் என்பதெல்லாம் அக்கறையோடு எழுதி வைக்கப்படுகின்றன. அவரது அடுத்த ஒப்பந்தம் அந்தக் கணக்கின்மேல் நிற்பது. லிண்ட்சே அந்த 1956–57 பருவத்தில் 30 கோல் அடித்தார், 55 கோலுக்கு உதவினார் என்று இன்று நாம் உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்லிவிட முடிகிறது. பதினைந்து ஆண்டுகள் இந்தியாவின் முன்வரிசையில் ஓடிய தன்ராஜ் பிள்ளை நாட்டுக்காக அடித்த கோல்களுக்குச் சம்மேளனம் முறையான கணக்கு வைக்கவில்லை. 170க்கு மேல் என்பது அவரே சொல்லும் கணக்கு.