தூண்டில் போடப் போகிறீர்களா? முதலில் காலைக் கவனியுங்கள்!

'இந்த வருஷம் ஊட்டி வேண்டாம், கொடைக்கானலும் வேண்டாம். ஆலப்புழை பக்கம் போய் மூணு நாள் தங்கி, ஜாலியா தூண்டில் போட்டு, பிடிச்ச மீனை அங்கேயே வறுத்துச் சாப்பிட்டுட்டு வரலாம்!' இப்படி ஒரு பேச்சு உங்கள் வீட்டிலும் அடிபடுகிறதா? ரொம்ப நல்ல விஷயம். டி.வி., செல்போன் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு, அப்பாவும் பிள்ளையும் தண்ணீரைப் பார்த்தபடி மணிக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருப்பது இந்தக் காலத்தில் சுலபத்தில் கிடைக்காத டானிக். அதனால் 'போகாதீர்கள்' என்று பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. தாராளமாகப் போங்கள். ஆனால், உங்கள் பட்டியலைக் கொஞ்சம் காட்டுங்கள், பார்ப்போம்.

தூண்டில் இருக்கிறது. நாலு சைஸில் முள் இருக்கிறது. நரம்பு, தக்கை, வறுப்பதற்கு மசாலாப் பொடி, பாட்டிக்கு வெற்றிலை வரைக்கும் இருக்கிறது. சரி, காலுக்கு என்ன? அதைத்தான் காணோம்! கரைக்குப் போனதும் செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு சேற்றில் இறங்குவது நம் ஆண்களின் வழக்கம். என் சண்டையே இந்த வழக்கத்தோடுதான்.

நீங்கள் போகிற குட்டநாடு எப்படிப்பட்ட இடம் என்று தெரிந்துகொண்டால், ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது புரியும். பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சில் ஆறுகள் வந்து வேம்பநாட்டு ஏரியில் சேரும் சதுப்பு நிலம் அது. கடல் மட்டத்தைவிடத் தாழ்வாக, சில இடங்களில் இரண்டு மீட்டர் வரைகூடத் தாழ்வாக இருக்கிற வயல்கள். வரப்பு போட்டு, தண்ணீரை இறைத்து வெளியேற்றி நெல் விளைவிக்கிறார்கள். ஏரியையும் அதைச் சேர்ந்த நிலங்களையும் 2002-ல் ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள். கோடையில் கடல் உப்பு வயலுக்குள் வராமலிருக்கத் தண்ணீர்முக்கம் என்ற இடத்தில் தடுப்பணையின் ஷட்டர்களை மூடுவார்கள். மூடினால் தெற்குப் பக்கம் முழுக்க நல்ல தண்ணீர். நெல்லுக்கு அது நல்லது. ஆனால் ஓட்டம் குறைந்த அந்தத் தண்ணீரில் ஆகாயத்தாமரை மண்டும், ஊர்க் கழிவும் படகுக் கழிவும் தங்கும். நெல் இருக்கிற இடத்தில் எலி இல்லாமல் இருக்குமா? எலியின் சிறுநீரில் வெளிவரும் லெப்டோஸ்பைரா என்ற கிருமிக்கு உப்புத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது. நல்ல தண்ணீரும் ஈர மண்ணும் கிடைத்தால் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

அதுதான் எலிக்காய்ச்சல். ஆலப்புழை ஜில்லாக்காரர்களுக்குப் புதிதில்லை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு கேரளம் முழுக்கவே பரவி, பலர் இறந்தார்கள். கிருமி உள்ளே நுழைய எலி கடிக்க வேண்டியதே இல்லை. காலில் ஒரு சிராய்ப்பு, கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண், நேற்று ஷேவ் செய்தபோது பட்ட கீறல், ஏன், வெகுநேரம் தண்ணீரில் ஊறி நொந்துபோன தோல், இவை போதும். கண், மூக்கு, வாய் வழியாகவும் போகும்.

அதனால், கரையிலும் வரப்பிலும் நின்று தூண்டில் போடுவதானால் முழங்கால் வரை வரும் கம்பூட்ஸ் வாங்குங்கள். படகில் மட்டும் அது வேண்டாம். தவறி விழுந்தால் உள்ளே தண்ணீர் புகுந்து கனக்கும், நீந்த விடாது. படகுக்குப் பழைய கேன்வாஸ் ஷூ போதும். காயம் இருந்தால் தண்ணீர் புகாத பிளாஸ்டர். மாலையில் அறைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் கழுவி, விரல் இடுக்குகளைத் துடைத்துக் காய வையுங்கள். முகம் கழுவ, வாய் கொப்பளிக்க ஏரித் தண்ணீர் கூடவே கூடாது.

வீட்டில் சர்க்கரை வியாதிக்காரர் இருக்கிறாரா? அவருக்கு இரண்டு மடங்கு கவனம் வேண்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்குச் சிப்பி கிழித்தாலும் தெரியாது, முள் குத்தினாலும் தெரியாது. ராத்திரி சாக்ஸில் ரத்தம் பார்த்தால்தான் தெரியும். மாமாவோ பெரியப்பாவோ, மரியாதையாக நாற்காலி போட்டுப் படகுத்துறையிலேயே உட்கார வையுங்கள். அங்கேயும் மீன் கடிக்கும்! இன்சுலினை வெயிலில் கிடக்கும் பையில் போட்டு வைக்காதீர்கள். மீன் மாட்டுகிற சுவாரசியத்தில் சாப்பாட்டு நேரத்தையும் தள்ளிப்போடாதீர்கள்.

சேற்றிலும் தண்ணீரிலும் தினசரி வேலை செய்கிறவர்களுக்குக் கேரளச் சுகாதாரத் துறை வாரம் ஒருமுறை டாக்ஸிசைக்ளின் மாத்திரை சாப்பிடச் சொல்கிறது. உங்களுக்கு அது தேவையா என்பதைப் புறப்படும் முன் குடும்ப டாக்டரிடம் கேளுங்கள். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகவே வாங்கி எல்லோருக்கும் ஆளுக்கொன்று கொடுத்துவிட வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் அது ஏற்ற மருந்தல்ல. 'மாத்திரை போட்டாச்சு, இனி என்ன' என்று வெறுங்காலோடு இறங்குவதும் தப்பு.

இன்னொரு பயமும் உங்களுக்கு இருக்கும். மூளையைத் தாக்கும் அமீபா. 2024 மே முதல் ஜூலைக்குள் வடகேரளத்தில் மூன்று குழந்தைகள் அதற்குப் பலியானார்கள். ரொம்ப ரொம்ப அபூர்வமான வியாதிதான். குடிப்பதால் வருவதில்லை, வெதுவெதுப்பான நல்ல தண்ணீர் மூக்குக்குள் ஏறினால்தான் வரும். பிள்ளைகளை முங்கு நீச்சல், டைவ் என்று தேங்கிய தண்ணீரில் இறக்காமலிருந்தால் போதும். தூண்டில் போட வந்தவர்கள் தூண்டில் மட்டும் போடட்டுமே!

உண்மையில் கிருமியைவிட வேகமாக ஆளைக் கொண்டுபோவது படகு. 2002 ஜூலை 27-ல் முஹம்மாவிலிருந்து குமரகம் வந்த படகு இதே வேம்பநாட்டு ஏரியில் மூழ்கி 29 பேர் இறந்தார்கள். 2009 செப்டம்பர் 30-ல் தேக்கடிப் படகு கவிழ்ந்து 45 பேர். அதில் நம் தமிழ்நாட்டிலிருந்து டூர் போனவர்களும் உண்டு. மீன் மாட்டியதும் 'எங்கே, எங்கே' என்று எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து ஓடுவார்கள் பாருங்கள், அதுதான் ஆபத்து. லைஃப் ஜாக்கெட்டைத் தலைக்கு வைத்துப் படுக்காமல் உடம்பில் மாட்டுங்கள். குழந்தைக்குக் குழந்தை சைஸ்தான். பெரியவர் ஜாக்கெட்டைப் போட்டால் தண்ணீரில் விழுந்ததும் குழந்தை மட்டும் கீழே நழுவிவிடும். அப்புறம், அந்த 'பாட்டில்' சமாசாரம். படகில் வேண்டவே வேண்டாம். வீட்டம்மாக்கள் இதில் கண்டிப்பாக இருந்தால் நான் அவர்கள் கட்சி.

எப்போது போகலாம்? என் ஓட்டு அரையாண்டு லீவுக்குத்தான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வெள்ளம். அது மீன்கள் முட்டையிட வயலுக்கு ஏறிவரும் காலமும்கூட. அப்போது வழிமறித்துப் பிடிப்பதைக் கேரள அரசு தடை செய்திருக்கிறது. அக்டோபர், நவம்பரிலும், பெரிய லீவு வருகிற ஏப்ரல், மே மாதங்களிலும் மத்தியானத்துக்கு மேல் இடி மின்னல் அதிகம். சுற்றிலும் தண்ணீர், நடுவே திறந்த படகு, அதில் உயரமாக நீட்டிக்கொண்டிருப்பது உங்கள் தூண்டில். கார்பன் கம்பு என்றால் மின்சாரமும் பாயும். முதல் இடிச் சத்தத்திலேயே கரையேறிக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். எப்படியும் மீன் நன்றாகக் கடிப்பது காலையில்தான்.

முதல் தடவை, அதுவும் குழந்தைகளோடு என்றால், ஏரிக்கே போக வேண்டும் என்பதில்லை. கேரள அரசின் மீனவர் கூட்டுறவு அமைப்பான மத்ஸ்யஃபெட், வைக்கம் பக்கம் பாலாக்கரியில் உள்ள தன் மீன் பண்ணையைச் சுற்றுலாவுக்கென்று அமைத்திருக்கிறது. போன் செய்து விசாரித்துக்கொண்டு போங்கள்.

பிடித்த மீனைக் கையாள்வதிலும் ஒரு சங்கதி. கரிமீன் என்றால் சமையலுக்கு. ஆனால் படகுக்காரர் 'காரி' என்று கத்தினால் கையை எடுத்துவிடுங்கள்! நாம் தேளி என்கிறோமே, அந்த மீன். அதன் முள் குத்தினால் தேள் கொட்டியதுபோலக் கடுக்கும். பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை அரைமணி நேரம் முதல் ஒன்றரை மணி நேரம் வரை வைத்திருந்தால் வலி குறையும். சூட்டை முதலில் வேறொருவர் கைவிட்டுப் பார்க்கட்டும். வலியில் இருப்பவருக்குச் சூடு தெரியாது. வலி அடங்கினாலும் டாக்டரிடம் காட்டுங்கள். தூண்டில் முள் சதையில் ஏறிவிட்டால் பிடித்து இழுக்காதீர்கள், எதிர்முள் சதையைக் கிழிக்கும். நரம்பை வெட்டிவிட்டு அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரண்டுக்கும் டெட்டனஸ் ஊசி பற்றிக் கேட்க வேண்டும்.

இனி, நம் வீடுகளில் யாருமே பிளான் செய்யாத ஒரு விஷயம். டூர் முடிந்து வந்து பத்து நாள் கழித்து வருகிற காய்ச்சல்!

எலிக்காய்ச்சல் உடனே வராது. பெரும்பாலும் ஐந்திலிருந்து பதினாலு நாளுக்குள், சில சமயம் ஒரு மாதம் கழித்துக்கூட வரும். அதற்குள் போட்டோவெல்லாம் சொந்தக்காரர்களுக்குக் காட்டி முடித்து, நீங்கள் ஆபீஸ் வேலையில் மூழ்கியிருப்பீர்கள். திடீரென்று குளிர் காய்ச்சல், மண்டையிடி, ஆடுசதையில் தொட முடியாத வலி, கண் சிவப்பு. 'வைரல் ஃபீவர்தான்' என்று ஒரு பாராசிட்டமாலைப் போட்டுக்கொண்டு மூன்று நாள் தள்ளுவீர்கள். டாக்டரிடம் போனாலும் 'ரெண்டு நாளா காய்ச்சல் சார்' என்பதோடு சரி. நீங்கள் வேம்பநாட்டுச் சேற்றில் நின்றது தாம்பரத்து டாக்டருக்கு எப்படித் தெரியும்? ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் சாதாரண ஆன்டிபயாடிக்கில் அடங்கிவிடுகிற வியாதி. விட்டுவிட்டால் மஞ்சள் காமாலை, சிறுநீர் குறைவு, நுரையீரலில் ரத்தக்கசிவு என்று உயிருக்கே உலை வைக்கும்.

ஆகவே திரும்பி வந்த அன்றே சமையலறைக் காலண்டரில் தேதியைக் குறித்து, அதிலிருந்து 30 நாள் எண்ணிக் கோடு போடுங்கள். டூருக்குப் பட்டியல் போடுவதெல்லாம் அம்மா, தூண்டில் போடுவது மட்டும் அப்பா என்பது எந்த ஊர் நியாயம்? இந்த ஒரு வேலையைத் தூண்டில் பிடித்தவரே செய்யட்டும். அந்தக் கோட்டுக்குள் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அன்றே டாக்டரிடம் போய், அவர் கேட்காவிட்டாலும், 'சார், இன்ன தேதியில் குட்டநாட்டில் தண்ணீரில் இறங்கினோம்' என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனை முதல் சில நாட்களில் நெகட்டிவ் என்றும் வரலாம். அதனால் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் அவர் மருந்தை ஆரம்பித்தால், 'எதுக்கு சார் இப்பவே?' என்று தடுக்காதீர்கள்.