நெல் பூக்கும் நாளைத் தீர்மானிப்பது எது?

2024 கார்த்திகை வெள்ளத்தில் வடக்கு, கிழக்கு வயல்கள் மூழ்கியபோது நட்டஈடு பற்றி நிறையப் பேசினோம். விதை பற்றிப் பேசியது குறைவு.

பி.ஜி. 300 என்றால் மூன்று மாத நெல், பி.ஜி. 352 என்றால் மூன்றரை மாதம். பெயரிலேயே வயது இருக்கிறது. விதைத்த நாளிலிருந்து எண்ணிக்கொண்டு போய்க் கதிர் தள்ளும் இனங்கள் இவை. அந்த நேரத்தில் கனமழை பிடித்தால் மகரந்தம் கழுவுண்டு மணி சப்பியாகும். பழைய நீண்டகால இனங்கள் பல அப்படியல்ல. முந்தி விதைத்தாலும் பிந்தி விதைத்தாலும், பகல் குறுகிய பிறகே பூக்கும். யாழ்ப்பாணத்தில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். பயிருக்கு அது போதும்.

எப்படி? இலையில் உருவாகும் ஏதோவொன்று குருத்துக்குப் போய்ப் பூக்கச் சொல்கிறது என்று 1930களிலேயே சோவியத் ஆய்வாளர் சைலக்யான் கூறி, அதற்குப் புளோரிஜென் எனப் பெயரும் வைத்தார். பொருள் கைக்கு அகப்படவில்லை. 2007இல்தான் ஜப்பானின் நாரா விஞ்ஞான தொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர்கள் நெல்லில் அதைக் காட்டினார்கள்: எச்.டி.3ஏ என்ற புரதம். இலையில் பிறந்து உரியத்தின் வழியே குருத்து நுனியை அடைகிறது. எச்.டி.1 என்ற பரம்பரையலகு நீண்ட பகலில் அதைத் தடுக்கிறது, குறுகிய பகலில் தூண்டுகிறது. இரு போகத்துக்கும் ஒரே விதை வேண்டும் என்பதற்காக, பகலின் நீளத்தைப் பொருட்படுத்தாத இனங்களையே நவீன நெல் ஆராய்ச்சி தேடித் தெரிந்தது.

பழைய நெல்லுக்குத் திரும்புங்கள் என்று சொல்ல வரவில்லை. விளைச்சல் குறைவு, உயரமாக வளர்ந்து சாய்ந்துவிடும். தையிலும் மழை தொடர்ந்தால் நாள் தவறாமல் பூப்பதே கேடாகவும் முடியலாம். ஆனால் எந்த இனம் எந்தப் பகல் நீளத்தில் பூக்கிறது என்பதை எங்கள் மண்ணிலேயே சோதித்து, அந்த இயல்பைக் குட்டையான இனங்களோடு கலந்து பார்க்கலாம். இதற்குப் பெரிய ஆய்வுகூடம் முதலில் தேவையில்லை. வயல், விதை, ஒழுங்கான பதிவு, சில போகங்கள் பொறுத்திருக்கும் பணம்.

விதைதான் சிக்கல். இடப்பெயர்வுகளில் எத்தனையோ வீடுகளின் விதைநெல் கைவிடப்பட்டது. கன்னொறுவ மரபணு வங்கியில் உள்நாட்டு இனங்கள் சேமிப்பில் உள்ளன. போரில் தானும் இடம்பெயர்ந்து மீண்ட யாழ். பல்கலைக்கழக விவசாய பீடம் அறிவியல்நகரில், வன்னி வயல்களுக்கு நடுவிலேயே இருக்கிறது. அங்குள்ள விதை இங்குள்ள வயலுக்கு வர எத்தனை போகம் எடுக்கும் என்று மாகாண விவசாய அமைச்சிடம் கமக்கார அமைப்புகள் கேட்கவேண்டிய நேரம், அடுத்த காலபோகத்துக்கு முன்.