கலங்கரை விளக்கை ஏற்றுவது யார்?

காரைக்காலில் அரசலாறு கடலில் சேரும் பக்கத்தில் ஒரு கலங்கரை விளக்கு நிற்கிறது. இரவில் அதன் ஒளி விசைப்படகின் மீதும் விழுகிறது, நாட்டுப் படகின் மீதும் விழுகிறது. “காசு கொடுத்தவனுக்கு மட்டும் வெளிச்சம்” என்று எந்த வியாபாரியாலும் அதை விற்க முடியாது. விற்க முடியாத சரக்கை எந்த முதலாளி உற்பத்தி செய்வான்? துறைமுகத்துக்கு வரும் கப்பல்களிடம் விளக்கு வரி வாங்கப்படுவது உண்மைதான். ஆனால் அதை வாங்குவது சட்டத்தின் கை. சந்தையின் கை அல்ல.

“சர்க்கார் ஒதுங்கட்டும், எல்லாவற்றையும் சந்தை பார்த்துக்கொள்ளும்” என்று உபதேசம் செய்யும் கனவான்கள் இந்த விளக்கை ஒரு முறை அண்ணாந்து பார்க்கட்டும். பிறகு கொஞ்சம் உள்ளே நடந்து வயல்களையும் பார்க்கட்டும்.

காரைக்கால் காவிரியின் கடைமடை. அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, திருமலைராயனாறு ஆகியவற்றில் கடைசியாக வந்து சேரும் நீர்தான் இங்குள்ள விவசாயியின் ஜீவன். காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5-ல் புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. ஒதுக்கியது. 2018 பிப்ரவரி 16-ல் உச்சநீதிமன்றமும் அந்த அளவை மாற்றவில்லை. சரி, தீர்ப்பு ஏட்டில் இருக்கிறது. தண்ணீர் வாய்க்காலில் வரவேண்டாமா?

மூன்று மா நிலம் வைத்திருப்பவன் தன் வரப்போரம் வாய்க்காலைத் தூர் வாரினால் என்ன பயன்? மேலேயும் கீழேயும் மண் மேடிட்டிருந்தால் அவன் உழைப்பு வீண். பிறர் வாரினால் தனக்கும் நீர் வரும் என்று ஒவ்வொருவரும் காத்திருந்தால், கடைசியில் யாரும் வாரமாட்டார்கள். இது விவசாயியின் சோம்பேறித்தனம் அல்ல. பொதுச் சொத்தைத் தனியார் கணக்கில் பராமரிக்க முடியாது என்பதே விஷயம். நம் முன்னோர் இதை அறிந்துதான் குடிமராமத்து என்று ஊரே கூடிச் செய்தார்கள்.

இனி உப்பின் கதைக்கு வருவோம். 1990-களில் நாகை வட்டாரக் கடற்கரையில் இறால் பண்ணைகள் புற்றீசல்போலக் கிளம்பின. குட்டையில் உப்புநீர் தேக்கினார்கள், இறால் கப்பலேறியது, பணம் முதலாளியின் பெட்டிக்குப் போனது. உப்போ பக்கத்து வயலில் இறங்கியது. குடிநீர்க் கிணற்றில் கலந்தது. நடவும் அறுப்பும் நின்ற நிலத்தில் கூலி விவசாயி வேலை இழந்தான். இந்த நஷ்டம் இறாலின் விலையில் எங்காவது சேர்ந்ததா? இல்லை. லாபம் ஒருவனுக்கு, கெடுதி ஊருக்கு! கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பிகு 1920-லேயே இந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டி, கெடுதி செய்பவன் மீது வரி போடலாம் என்றார். அவர் ஒன்றும் கம்யூனிஸ்ட் அல்ல.

காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாகபுரி சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிலையத்தின் அறிக்கை அதன் முன் இருந்தது: பண்ணைகளின் வருமானத்தைவிட அவை விளைத்த சேதமே அதிகம்! கெடுத்தவனே ஈடுகட்ட வேண்டும் என்றது நீதிமன்றம்; கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்தில் இருந்த பண்ணைகளை மூடச் சொன்னது. ஆனால் நடந்தது என்ன? 2005-ல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம், கோர்ட்டு அடைத்த கதவைத் திறந்துவிட்டது. 2023 திருத்தம் சிறைத் தண்டனையையும் நீக்கி, அபராதத்தோடு நிறுத்திக்கொண்டது.

“அந்நியச் செலாவணி வருகிறதே, வேலை கிடைக்கிறதே” என்கிறார்கள். வரட்டும். அண்டை வயலின் நஷ்டத்தையும் கெட்டுப்போன கிணற்றையும் கழித்துவிட்டு மிச்சத்தைக் காட்டட்டும். அதற்குப் பெயர்தான் கணக்கு.

ஆகவே, சர்க்கார் வேண்டுமா வேண்டாமா என்பதல்ல கேள்வி. சர்க்கார் யார் பக்கம் நிற்கிறது என்பதே கேள்வி. காண்டிராக்டர் பில்லுக்காகத் தூர் வாரும் சர்க்காரால் கடைமடைக்குப் பயன் இல்லை.

நாம் கேட்பது இவை: மேட்டூர் திறக்கும் முன்பே வாய்க்கால்கள் தூர் வாரப்படவேண்டும், செலவுக் கணக்கு ஊர் நடுவில் எழுதி வைக்கப்படவேண்டும், வேலையை விவசாயிகளும் விவசாயத் தொழிலாளரும் அடங்கிய குழு சரிபார்க்கவேண்டும். ஆற்றுக்கு மாநில எல்லை தெரியாது. ஆகையால் தமிழக, புதுவை அரசுகள் கூடித் திட்டமிடவேண்டும். கடலோரக் கிணறுகளின் உப்பை ஆண்டுதோறும் சோதித்து முடிவை வெளியிடவேண்டும். உப்பைப் பரப்பியவனிடம் நஷ்டஈடு வசூலித்து, நிலம் இழந்தவனோடு கூலி இழந்தவனுக்கும் கொடுக்கவேண்டும்.

விளக்கின் ஒளி எல்லோருக்கும் பொது. ஆற்று நீரும் கிணற்று நீரும் அப்படித்தான். பொதுவானதைக் காக்கவேண்டிய பொறுப்பு சர்க்காருக்கு. அந்தப் பொறுப்பை நினைவூட்டிக்கொண்டே இருக்கவேண்டிய பொறுப்பு நமக்கு.