வரிக்கும் வட்டி கட்டும் மக்கள்

சாட்டியிலும் வேலணையிலும் புகையிலையும் வெங்காயமும் விளைவிக்கும் கமக்காரனுக்கு ஒரு பட்டா வண்டி இன்று ஆடம்பரமன்று. விளைபொருள் பண்ணைப் பாலத்தைக் கடந்து யாழ்ப்பாணச் சந்தையைச் சேர்வது அதனால்தான். குறிகாட்டுவான் துறைவரை நாள்தோறும் போய்வரும் ஆசிரியருக்கும் வைத்தியருக்கும் கார் அத்தகையதே. இவர்களுள் கைப்பணம் முழுவதையும் எண்ணிக் கொடுத்து வண்டி வாங்கியவர் மிகச் சிலர். ஏனையோர் லீசிங்கிலேயே எடுத்தனர். தவணை முடியுமுன் அப்பழைய வண்டியைக் கொடுத்து வேறொன்று மாற்ற முனையும்போது, முன்னர் கட்டிய வரி என்னவாயிற்று என்று கேட்பவர் எவருமிலர். அதனை இவ்வாரம் நாம் கேட்கிறோம்.

2020ஆம் ஆண்டு மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறக்கப்பட்டது. வரும் வண்டிக்குச் சுங்கத் தீர்வை உண்டு. அதன்மேல் மேலதிக வரி. பின்னர் உற்பத்தி வரி. இவற்றையெல்லாம் விலையோடு கூட்டி, அக்கூட்டுத்தொகைக்கு 18 சதவீதம் பெறுமதி சேர் வரி. வரிக்கே வரி விதிக்கும் இக்கணக்கு புதியதன்று. ஆயின் லீசிங்கில் வாங்குபவனுக்கு அதற்கும் மேலானதொரு சுமை காத்திருக்கிறது. வரியெல்லாம் உள்ளடங்கிய விலையே அவனுடைய கடன் முதலாகிறது. அம்முதலுக்கு அவன் வட்டி கட்டுகிறான். அரசாங்கத்துக்குச் சேர்ந்துவிட்ட வரிக்கு நான்கு ஐந்து ஆண்டுகள் கம்பெனிக்கு வட்டி செலுத்துகிறான் என்பதே இதன் பொருள்!

இத்தனையும் கட்டுபவன் சட்டத்தின் கண்ணில் யார்? மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் ஏட்டில் அவன் பதிவு செய்யப்பட்ட உரிமையாளன் மட்டுமே. முழு உரிமையாளன் லீசிங் கம்பெனி. 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டம் வகுத்த ஏற்பாடு இது. பெறுமதி சேர் வரியில் முற்கட்ட வரியைக் கழித்துக்கொள்ளும் உரிமையோ அவ்வரிக்குப் பதிவு பெற்றோர்க்கே உரியது. கமக்காரனும் ஆசிரியனும் அப்பதிவேட்டில் இல்லை. 2022 ஒக்டோபரில் வந்த 2.5 சதவீத சமூகப் பாதுகாப்பு வரியிலோ கழிவு என்ற பேச்சுக்கே இடமில்லை. அது விலையிலேயே ஒட்டிக்கொள்ளும்.

இறக்குமதி நின்றிருந்த காலத்தில் பழைய வண்டிகளின் விலை ஏறியதால் சிலர் கட்டிய வரியையும் சந்தையிலே மீட்டுக்கொண்டனர் என்பது மெய்யே. அது தட்டுப்பாடு தந்த நன்மை, நீதி தந்ததன்று. துறைமுகம் திறந்தபின் அந்நன்மையை எவரும் நம்பியிருக்கலாகாது.

அயல்நாடான இந்தியாவைப் பார்ப்போம். அங்கே 2017 ஜூலை 1இல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது இதே வினா எழுந்தது. அதற்கு முன்னர் வாங்கிக் குத்தகைக்கு விடப்பட்டிருந்த கார்களுக்கு உற்பத்தி வரியும் மாநில விற்பனை வரியும் கட்டப்பட்டிருந்தன. ஒரு மாநிலத்தில் வாங்கி மற்றொரு மாநிலத்துக்குக் கொண்டு சென்றிருந்தால், 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மத்திய விற்பனை வரியும் கட்டப்பட்டிருந்தது. இவற்றுக்குக் கழிவில்லாமல், தவணைக்குப் புதிய வரியை முழுமையாக விதித்தால் ஒரே வண்டி இருமுறை வரி செலுத்தும். இதனை உணர்ந்த வரி மன்றம், அத்தகைய குத்தகைகளுக்கு உரிய வரியில் 65 சதவீதமே அறவிடுவதென 2017 ஒக்டோபரில் முடிவு செய்து, மூன்றாண்டுக்கு அச்சலுகையை வழங்கிற்று.

பழைய கார் வணிகத்திலும் அங்கே ஒரு நேர்மை உண்டு. முற்கட்ட வரிக்குக் கழிவு பெறாத வணிகர் ஒரு காரை 6 இலட்சத்துக்கு வாங்கி ஆறரை இலட்சத்துக்கு விற்றால், இடையிலுள்ள 50,000 ரூபாவுக்கே 18 சதவீதம். அதாவது 9,000 ரூபா. முழு விலைக்கும் விதித்தால் 1,17,000 ரூபா ஆகும். மலைக்கும் மடுவுக்குமுள்ள வேறுபாடன்றோ இது?

இந்திய முறை குற்றமற்றதென நாம் கூறவில்லை. தமிழ்நாட்டில் ஆயுட்கால வீதி வரி கட்டிய காரைக் கர்நாடகத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருப்பவர் அங்கே மறுபதிவு செய்து மீண்டும் வரி கட்டவேண்டும். முன்னதில் எஞ்சிய பங்கை மீளப்பெறத் திணைக்களப் படிகளில் ஏறி இறங்கவேண்டும். அமெரிக்காவிலும் மாநிலத்துக்கு மாநிலம் முறை வேறு. பழைய காரைக் கொடுத்துப் புதியதை வாங்குவோரிடம் டெக்சாஸ் விலை வித்தியாசத்துக்கே வரி கேட்கிறது. கலிபோர்னியா முழு விலைக்கும் கேட்கிறது.

இலங்கைக்கு அத்தகைய எல்லைத் தொல்லை கிடையாது. வருமான அனுமதிப்பத்திரம் மாகாணத்துக்குரியதாயினும் பெறுமதி சேர் வரி நாடு முழுவதற்கும் ஒன்றே. வண்டி மாகாணம் மாறினால் இலக்கத் தகட்டையும் மாற்றவேண்டுமென்ற விதிகூட, மாகாண எழுத்துகள் கைவிடப்பட்டதோடு 2023இல் ஒழிந்தது. மாநிலங்கள் பலவற்றை இணங்கவைத்து இந்தியா செய்ததை, ஒரே பாராளுமன்றமும் ஒரே இறைவரித் திணைக்களமும் உள்ள இந்நாடு செய்ய இயலாதென்பது வீண்பேச்சு.

லீசிங் ஒப்பந்தம் ஒவ்வொன்றிலும் வண்டி விலை வேறு, வரி வேறு, வட்டி வேறு எனத் தமிழிலே பிரித்துக் காட்டப்படல் வேண்டும். தவணை முடியுமுன் கணக்கை முடித்து வண்டி மாற்றுவோருக்கு அப்பிரிவின்படியே எஞ்சிய கணக்குக் கொடுக்கப்படல் வேண்டும். பழைய வண்டியை வாங்கி விற்கும் வணிகரிடம் வரி அறவிடுவதாயின், அவ்வரி இலாப வித்தியாசத்தின்மீது மட்டும் அமையச் சட்டம் திருத்தப்படல் வேண்டும். வடமாகாணப் பாராளுமன்ற உறுப்பினர்கள் அடுத்த வரவு செலவுத் திட்ட விவாதத்தில் இதனை எழுப்புவார்களா? தீவுப்பகுதிக் கமக்காரர் அமைப்புகளும் ஆசிரியர் சங்கங்களும் இப்பொழுதே தத்தம் ஒப்பந்தப் பிரதிகளைத் திரட்டி அவர்களிடம் கையளிக்க முன்வரல் வேண்டும்.